மேல்விலங்கு

படகுத்துறைப் பலகையில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் மேல்விலங்கு ஏறிய வாரத்திலிருந்து ஆறு அகலமாகத் தொடங்கியது. முதலில் துடுப்பு போடுகிறவர்கள் மட்டும்தான் கவனித்தார்கள். தோள் வலிக்கிறது என்றார்கள், கூலியைக் கொஞ்சம் ஏற்றினார்கள், அவ்வளவுதான். அதற்கு முன்பு அந்த ஆறு ஒரு தடையாக யாருக்கும் பட்டதில்லை. இந்தக் கரையில் ஒருவர் தும்மினால் தும்மியது யாரென்று அந்தக் கரையில் சொல்லிவிடுவார்கள். குழம்பை அடுப்பில் ஏற்றிய பிறகு உப்பு இல்லையென்று தெரிந்தால், படகேறி அங்கே போய் வாங்கி வந்து கொதிக்கும் முன் போட்டுவிடலாம். பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள், சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தினார்கள், அலுத்துப்போய் மறுபடி பேசினார்கள். இரண்டு கரைக்கும் இரண்டு அரசாங்கம் என்பது தபால்தலை வாங்கும்போது மட்டும் நினைவுக்கு வரும் சங்கதி.

துறையில் இருந்த பழைய பலகை வெயிலில் வெளுத்துப்போனதால் புதிதாக எழுதச் சொல்லித் துறை அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. எழுத வேண்டியது 'எதிர்க்கரைப் படகுத்துறை' என்று இரண்டே சொல். அந்த ஊரில் பலகை என்றால் பலகைக்காரர் வீடுதான். மருந்துக்கடை, தையல்கடை, நீதிமன்றம், சவக்கிடங்கு எல்லாவற்றின் பெயரும் அந்த வீட்டுத் தூரிகையில் பிறந்தவை. வேலைக்கு அங்கே ஒரு முறை இருந்தது. சுண்ணக்கட்டியால் கோடு போடுவதையும் எழுத்துக்கு உடம்பு நிரப்புவதையும் வீட்டில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். புள்ளிகளை மட்டும் கடைசிக்கு விட்டுவைப்பார்கள். எழுத்தெல்லாம் காய்ந்த பிறகு வீட்டுத் தலைவர் கை கழுவிவிட்டு வந்து, அதற்கென்று தனியாக வைத்திருக்கும் மெல்லிய தூரிகையை எடுத்து, பலகைக்கு வேண்டிய புள்ளிகளை இடமிருந்து வலமாக ஒரே மூச்சில் வைத்துக்கொண்டு போவார். புள்ளி வைத்துவிட்டால் வேலை முடிந்தது. அதன் பிறகு ஒரு பலகையைத் தொட்டுத் திருத்துவது அந்த வீட்டில் நடந்ததே இல்லை. திருத்த வேண்டிய தேவை வந்ததில்லை என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள், சொல்லிக்கொள்ளும் தகுதியும் அவர்களுக்கு இருந்தது. கடன் சொல்லிப் பொருள் வாங்காத வீடு, வாக்குக் கொடுத்தால் மாறாத வீடு. அந்த வீட்டு ஆண்கள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

அப்போதைய தலைவரான பலகைக்காரர் தம் மகளை எதிர்க்கரையில் சைக்கிள் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளையிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. உழைப்பாளி, கொஞ்சம் வாயாடி. துறைப் பலகைக்குப் புள்ளி வைக்கும் நேரத்தில், எதிர்க்கரைக்குப் போய்விட்டு வந்த மகன் பட்டறைக்குள் நுழைந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான்.

"மாப்பிள்ளை கடைக்குப் புதுப் பலகை மாட்டியிருக்கார்ப்பா. பிளாஸ்டிக். உள்ள லைட்டெல்லாம் எரியுது."

பலகைக்காரர் தூரிகையை மையில் தோய்த்தார். ஊரில் பிணவறைக்குக்கூட அவர் கையெழுத்து இருக்க, சொந்த மாப்பிள்ளை எங்கோ அச்சடித்த பிளாஸ்டிக்கை வாங்கி மாட்டியிருக்கிறார். தூரிகை முதல் புள்ளிக்காக 'ர'வின் தலையைத் தொட்டது. தொட்ட இடத்தில் நிற்காமல் வளைந்து வலப்பக்கம் இறங்கியது. இகரத்துக்குப் போடும் அந்த வளைவுக்கு எழுத்து தெரிந்தவர்கள் வைத்திருக்கும் பெயர் மேல்விலங்கு. 'ர்' 'ரி' ஆனது, எதிர்க்கரை எதிரிக்கரை ஆனது. மற்ற புள்ளிகள் பழுதில்லாமல் விழுந்தன.

பலகையைத் துறையில் மாட்டினார்கள். தெரிந்த பலகையை யாரும் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கும் என்று மனதில் இருக்கிறதோ அதையே படித்துவிட்டுப் படகில் ஏறினார்கள். பலகைக்காரரின் மனைவி கல்யாணத்துக்குப் பிறகுதான் படிக்கக் கற்றுக்கொண்டவர். ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்துப் படிக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. மகளைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாப்பாடு போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"என்னங்க, ர-வுக்கு மேல விலங்கு போட்டிருக்கீங்க."

"எந்த ர?"

"துறைப் பலகையில. எதிரிக்கரைன்னு இருக்கு. நம்ம பொண்ணு வாழப்போன கரை அது."

"புள்ளி கொஞ்சம் நீண்டிருக்கும். உனக்குக் கண்ணு சரியில்ல."

"எனக்குத்தான் கண்ணு சரியில்ல. நீங்க எதுக்குத் துறைப் பக்கம் தலை தூக்காம நடக்கிறீங்க?"

பலகைக்காரர் தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தார். பலகையை மாட்டிய அன்றே அவரும் பார்த்துவிட்டார். ஏணியைச் சாத்தி ஒரு நிமிட வேலை. ஆனால் ஊர் பார்க்கப் பலகைக்காரர் வீட்டு ஆள் ஏணியில் ஏறித் தன் எழுத்தைத் தானே சுரண்டுவது என்பது அவரால் எண்ணிப்பார்க்கக்கூட முடியாத காட்சியாக இருந்தது.

அந்தக் காலத்தில் கரையோரம் ஒரு காவல் கோபுரம் இருந்தது. அதில் ஒரு அதிகாரி, இரண்டு சிப்பாய்கள், துருப்பிடித்த ஒரு பீரங்கி. பீரங்கிக் குழாயில் புறா கூடு கட்டியிருந்தது. அதிகாரி கழுத்தில் எப்போதும் பைனாகுலர் தொங்கியதால் ஊரில் அவருக்கு பைனாகுலர்காரர் என்று பெயர். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் கோபுரத்தை மூடிவிட அரசாங்கம் முடிவு செய்திருந்தது. மலிவாகத் துணி எடுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம் என்று எதிர்க்கரைக்குக் கிளம்பி வந்தவர், படகுக்குக் காத்திருந்தபோது வேறு வேலை இல்லாமல் பலகையைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். படகை விட்டுவிட்டு நேரே பலகைக்காரர் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, துறைப் பலகை நீங்க எழுதினதுதானே?"

"இந்த ஊர்ல வேற யார் எழுதுவா?"

"எதிரிக்கரைன்னு இருக்கு. கை ஏதும் தவறிடுச்சா?"

உள்ளே மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஆமாம் என்ற ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டிய காரியம் அது. பலகைக்காரர் முதுகை நிமிர்த்தினார்.

"எங்க வீட்டுக் கை தவறாது தம்பி. தெரிஞ்சுதான் எழுதினேன்."

"என்ன தெரிஞ்சுது?"

"தெரிய வேண்டியது தெரிஞ்சுது."

பைனாகுலர்காரர் துணி எடுக்கப் போகவில்லை. தலைநகருக்குப் போனார். எல்லையில் வாழும் நேர்மைக்குப் பெயர்போன குடிமகன் ஒருவர், தம் சொந்த மகளைக் கொடுத்த கரையையே எதிரிக்கரை என்று பகிரங்கமாக எழுதி வைத்திருக்கிறார், அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று அங்கே சொன்னார். தலைநகரில் அப்போது விலைவாசி ஏறியிருந்தது, பள்ளிக்கூடக் கூரை ஒன்று இடிந்து விழுந்திருந்தது, மந்திரிகள் வெளியே தலைகாட்டவே கூச்சப்பட்டார்கள். பாலைவனத்தில் வந்தவனுக்குத் தண்ணீர்ப் பானை கிடைத்ததுபோல அவர்களுக்கு அந்த விலங்கு கிடைத்தது. ஒரு வாரத்தில் பலகையின் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. கூரையைப் பற்றிப் பேச்செடுத்தவர்களைப் பார்த்து, எல்லையில் என்ன நடக்கிறதென்று தெரியாமல் கூரையைப் பற்றிப் பேசுகிறீர்களே என்று கேட்டார்கள். கேட்கப்பட்டவர்கள் வெட்கப்பட்டு உட்கார்ந்தார்கள்.

பாதுகாப்பு மந்திரி நேரில் வந்தார். மேடையில் ஒரு குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, இறக்கிவிட்ட கையைக் கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். பலகைக்காரரின் சட்டையில் ஒரு பதக்கம் குத்தினார். அது மட்ட ரகப் பித்தளை. வீடு வந்து கழற்றுவதற்குள் சட்டையில் பச்சையாகக் கறை பிடித்துவிட்டது, எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. கோபுரத்தை மூடும் உத்தரவு ரத்தானது. புறாக்கூட்டை எடுத்து எறிந்துவிட்டுப் பழைய பீரங்கிக்கு எண்ணெய் போட்டார்கள். அதன் பக்கத்தில் புதுப் பீரங்கிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்று இறங்கும்போதும் எதிர்க்கரை ஒரு தெரு அகலம் பின்னால் போனது. கரை எதற்காக நகர்கிறது என்று சட்டசபையில் யாரோ கேட்டதற்கு மந்திரி சளைக்காமல் பதில் சொன்னார். பாய்வதற்கு முன்னால் மிருகம் பின்வாங்கும், எதிரி தன் கரையைப் பின்னால் இழுத்துக்கொண்டிருக்கிறான், இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்றார். கரை விலகியதால் இருந்த பீரங்கிகளின் குண்டு அங்கே எட்டாமல் போயிற்று. ஆகவே எட்டும் பீரங்கிகள் வேண்டும் என்று வாங்கினார்கள். அவை வந்து இறங்கியதும் கரை அவற்றுக்கும் எட்டாத தூரத்துக்குப் போயிற்று. இதற்கு முடிவு எங்கே என்று எண்ணிப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை, எல்லோரும் பீரங்கிக்கு மேடை கட்டும் வேலையில் இருந்தார்கள். பிரசவ ஆஸ்பத்திரியைக் குண்டுக் கிடங்காக மாற்றினார்கள். பெண்கள் தாழ்வாரத்தில், எண்ணெய் நாற்றம் அடிக்கும் மரப்பெட்டிகளுக்கு நடுவே பிள்ளை பெற்றார்கள். 'வெடிபொருள், தள்ளி நிற்கவும்' என்று அந்தப் பெட்டிகளில் எழுதியவன் பலகைக்காரரின் மகன். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

மறுகரையிலும் இதுவேதான் நடந்தது. படகு நிறுத்தப்படுவதற்கு முன் கடைசியாகப் போய்வந்த படகோட்டி வந்து சொன்னான். நம் பலகையின் படத்தை அங்கே வகுப்புக்கு வகுப்பு மாட்டியிருக்கிறார்களாம். நம்மை என்னவென்று எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள் என்று அவர்கள் மந்திரி கண்ணீர் விட்டாராம். அவர்களும் பீரங்கி வாங்கிக் கரையில் நிறுத்திவிட்டார்கள். அதுவரை இந்தப் பக்கத்து மந்திரி சொன்னது பொய்யாக இருந்தது. அன்றிலிருந்து அது உண்மையாகிவிட்டது, அவருக்கே அது கொஞ்சம் ஆச்சரியமாக இருந்திருக்கும்.

பலகைக்காரரின் மகளுக்கு அந்த வருடம்தான் ஆண் குழந்தை பிறந்தது. தாய் போய்ப் பார்க்க முடியவில்லை. ஆனால் மகளுடைய வீடு கரையை ஒட்டி இருந்ததால் அவள் கொடியில் உலர்த்தும் குழந்தைத் துணிகள் கோபுரத்திலிருந்து பைனாகுலரில் தெரிந்தன. எதிரி கொடி அசைத்துச் சைகை காட்டுகிறான் என்று பைனாகுலர்காரர் தலைநகருக்குச் செய்தி அனுப்பினார். அதிலிருந்து தினமும் காலையில் வானொலியில் எச்சரிக்கைச் செய்தி என்று ஒன்று வரத் தொடங்கியது. இன்று எதிரி வெள்ளைக் கொடிகள் பலவும் மஞ்சள் கறை படிந்த கொடிகள் சிலவும் காட்டினான், மக்கள் விழிப்புடன் இருக்கவும் என்று கனத்த குரலில் ஒருவர் படிப்பார். ஊர் முழுக்க அதைக் கேட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, பலகைக்காரரின் மனைவி மட்டும் அடுப்படியில் வானொலிப் பெட்டியோடு காதை ஒட்டிவைத்துக்கொண்டு நிற்பார்.

"மஞ்சள் ஜாஸ்தியா இருக்கே. பிள்ளைக்கு வயிறு சரியில்ல போல. கஞ்சித்தண்ணி குடுக்கச் சொல்லணும், யார்கிட்ட சொல்றது?"

துணி குறைவாகக் காய்ந்த நாளில் எதிரி எதையோ மறைக்கிறான் என்று வானொலி சொல்லும். அங்கே மழை பெய்கிறது என்று அவர் தெரிந்துகொள்வார். ஒரு நாட்டின் ராணுவமே சேர்ந்து தன் பேரனின் வயிற்றை வேவு பார்த்துச் சொல்கிறதே என்று அவர் சிரித்ததும் உண்டு. சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். எதிரியின் கொடிகள் அதிகமாகின்றன என்ற அறிவிப்பை அடுத்து ஊரில் வீட்டுக்கு ஒருவனைப் படைக்குப் பிடித்துப்போகும் சட்டம் வந்தது. அரசாங்கப் பெட்டிகளுக்கு எழுதுகிறவன் என்று பலகைக்காரரின் மகனுக்கு விலக்கு கொடுத்தார்கள். ஆற்றில் நீந்தி வளர்ந்த பிள்ளைகளை அந்த ஆற்றைப் பார்த்தே துப்பாக்கியோடு நிற்க வைத்தார்கள்.

சில வருடங்கள் போனதும், எதிரி என்ற சொல்லைச் சுற்றி இவ்வளவு பெரிய ஏற்பாடு இருக்கும்போது புள்ளி வைத்த 'எதிர்' என்ற சொல் குழப்பம் உண்டாக்குகிறது என்று ஒரு குழு கண்டுபிடித்தது. இனி எங்கே 'எதி' வந்தாலும் அடுத்த 'ர'வுக்கு விலங்குதான், புள்ளி கிடையாது என்று உத்தரவு வந்தது. எல்லாப் பலகைகளையும் மாற்றும் வேலை பலகைக்காரர் வீட்டுக்கே கிடைத்தது. எதிர்வீடு எதிரிவீடு ஆனது. எழுதிய மறுநாளே தெருக்களும் அகலமாகத் தொடங்கின. ஜன்னல் வழியாகக் கைநீட்டிச் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்கப் பேருந்து பிடிக்க வேண்டியதாயிற்று. பள்ளிப் பாடத்தில் எதிர்காலம் எதிரிகாலம் ஆனது. அந்த வருடம் பிறந்த பிள்ளைகள் அதை அப்படியே படித்தார்கள், வேறு விதமாக இருந்திருக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியாது. சட்டசபையில் எதிர்க்கட்சி எதிரிக்கட்சி ஆனது. உத்தரவுக்கு அவர்களும் கைதூக்கியிருந்தார்கள், எங்கள் ஆட்சியாக இருந்தால் இதைவிடப் பெரிய பீரங்கி வாங்கியிருப்போம் என்று பேசியும் இருந்தார்கள். பலகை மாறியதும் அவர்கள் வரிசை மெதுவாகப் பின்னால் நகர்ந்து, மண்டபத்தின் கோடிக்குப் போய், கடைசியில் வாயசைவது மட்டும் தெரிந்தது. எதிரொலி என்ற சொல் ஒன்றுதான் தப்பியது, அதில் புள்ளி கிடையாது. சட்டசபையில் அதற்குப் பிறகு அதுதான் கேட்டது.

பலகைக்காரர் வீட்டுக்கு மாடி எழும்பியது. மகன் வேலைக்கு ஆட்கள் வைத்துக்கொண்டான். பலகைக்காரர் மட்டும் தூரிகையைத் தொடுவதை விட்டுவிட்டார். புள்ளியை எடுக்கும் வேலைக்கு நான் எதற்கு என்றார். வாசலில் நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். முன்பு அங்கிருந்து பார்த்தால் எதிர்வரிசை வீடுகளும் அவற்றுக்குப் பின்னால் ஆறும் மகள் கொடியும் தெரியும். இப்போது எதிர்வரிசை வீடுகள் தீப்பெட்டி அளவில் இருந்தன. ஆற்றுக்கு அக்கரை என்று ஒன்று கண்ணுக்கே தெரியவில்லை.

அன்று காலையிலும் வானொலியில் எச்சரிக்கைச் செய்தி வந்தது. இன்று எதிரி வெள்ளைக் கொடிகள் பலவும் மஞ்சள் கறை படிந்த கொடிகள் சிலவும் காட்டினான். மனைவி அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வெளியே வந்தார். குரல் தெளிவாக இருந்தது.

"என் பேரனுக்கு இப்ப மீசை முளைச்சிருக்கணுங்க. இன்னுமா அவ குழந்தைத் துணி காயப்போடுறா?"

பலகைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அக்கரையே தெரியல, எதைப் பார்த்துட்டுச் சொல்றான் இவன்? பழைய சேதியையே வருஷக்கணக்கா படிச்சிட்டிருக்கான். நானும் வயிறு வயிறுன்னு நேர்ந்துகிட்டு உட்கார்ந்திருக்கேன். அவ இருக்காளா இல்லையான்னே எனக்குத் தெரியாது. உங்க மானத்தைக் காப்பாத்த ஒரு கரையவே தொலைச்சிட்டீங்க."

அந்த வீட்டில் பலகைக்காரரைப் பார்த்து யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் எழுந்து உள்ளே போனார். பெட்டியைத் திறந்து மெல்லிய தூரிகையையும் பதக்கத்தையும் எடுத்தார். மையைக் கலக்கினார், ஏணியைத் தூக்கினார். மகன் மாடியிலிருந்து ஓடி வந்து ஏணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"இப்ப போய்ப் பிழைன்னு சொன்னா நம்ம பிழைப்பு என்னப்பா ஆகும்?"

"இத்தனை வருஷமாப் பிழையிலதானேடா பிழைச்சோம். விடு ஏணியை."

பகல் வெளிச்சத்தில், சந்தைக் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், பலகைக்காரர் ஏணியைத் துறைப் பலகையில் சாத்தி ஏறினார். கால் தளர்ந்திருந்தது, முதுகு வளையவில்லை. பதக்கத்தின் பித்தளை விளிம்பால் விலங்கைச் சுரண்டத் தொடங்கினார். பதக்கம் அதற்கு நன்றாகவே உதவியது. பைனாகுலர்காரர் காரில் வந்து இறங்கினார். அவர் இப்போது பெரிய பதவியில் இருந்தார், வயிறும் அதற்கேற்ப இருந்தது, பைனாகுலர் அதன் மேல் படுத்துக் கிடந்தது.

"இறங்குங்க பெரியவரே. அது அரசாங்கச் சொத்து."

"பலகை உங்களோடது. பிழை என்னோடது. அதை எடுத்துட்டுப் போகத்தான் வந்திருக்கேன்."

"பிழையா? தெரிஞ்சுதான் எழுதினேன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"பொய் சொன்னேன். என் மாப்பிள்ளை கடைக்குப் பிளாஸ்டிக் பலகை மாட்டினார். அவர் மேல இருந்த கோபத்துல கை வளைஞ்சுது. மாமனார் மாப்பிள்ளைச் சண்டை தம்பி அது. அது மேல எப்படி இவ்வளவு பீரங்கியை நிறுத்துனீங்க?"

கூட்டத்தில் காய்கறிக் கூடையோடு நின்ற ஒருவர், "எனக்கும்தான் மாப்பிள்ளை மேல கோபம், எனக்கு ஒரு சின்ன பீரங்கிகூட யாரும் குடுக்கலையே!" என்றார். சிரிப்பு எழுந்தது. பிள்ளையைப் படைக்குக் கொடுத்த வீட்டார் சிலர் அங்கே நின்றிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. பைனாகுலர்காரர் குரலைத் தாழ்த்தி, நாட்டின் பாதுகாப்பே அந்த எழுத்தில்தான் நிற்கிறது, வேண்டுமானால் இன்னொரு பதக்கம் தரச் சொல்கிறேன் என்றார். பலகைக்காரர் கேட்டுக்கொண்டே 'ர'வின் தலையை ஊதித் துடைத்து, தூரிகையைத் தொட்டுப் புள்ளி வைத்தார்.

மை காயக் காய ஆறு சுருங்கியது, பின்னால் தெருக்களும் சுருங்கின. இரைச்சல் ஏதும் இல்லை. யாரோ நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போடுவதுபோல அக்கரை வந்து பழைய இடத்தில் நின்றது. நீளக் குழாய்ப் பீரங்கிகள் அக்கரையின் தலைக்கு மேலே எங்கோ மேகத்தைக் குறிபார்த்துக்கொண்டு அசட்டுத்தனமாக நின்றன. அங்கேயும் அப்படித்தான். சைக்கிள் கடையின் பிளாஸ்டிக் பலகை வெளுத்திருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. கொடியில் பெரிய ஆட்களின் துணிகள் காய்ந்தன. கொடிக்குப் பக்கத்தில் நரைத்த தலையோடு மகள் நின்றாள். பலகைக்காரரின் மனைவி தண்ணீர் ஓரம் வரை போனார். இத்தனை வருடம் தேக்கி வைத்திருந்ததில் முதலில் வாயில் வந்தது அந்தக் கேள்விதான்.

"பிள்ளைக்கு வயிறு எப்படிடி இருக்கு?"

"எந்தப் பிள்ளைம்மா? அவனைப் படைக்குப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. அதோ, அந்தப் பீரங்கிகிட்ட நிக்கிறான் பாரு. உங்க பக்கம் பார்த்துதான் நிக்கிறான்."

தாய் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"அந்த இரும்பை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு. முகம் தெரியல."

பேரன் தள்ளி நின்றான். மூக்கு அப்படியே பலகைக்காரருடையது.

அன்று சாயங்காலமே வானொலி, எதிரி ஊடுருவிப் பலகையைத் திருத்திவிட்டான், இப்போது கூப்பிடு தூரத்துக்கு வந்துவிட்டான் என்றது. தூரத்தைச் சொல்லி வாங்கிய பீரங்கிகளோடு நெருக்கத்தைச் சொல்லிக் குட்டைப் பீரங்கிகளும் வாங்க அனுமதி கிடைத்தது. பலகைக்காரரை ஒரு அறையில் உட்காரவைத்து, உன்னை ஏவிய எதிரி யார் என்று கேட்டார்கள். மாப்பிள்ளை என்றார். அந்தப் பெயரில் ஒரு பெரிய உளவாளி இருப்பதாகத் தலைநகரில் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார்கள். பதக்கத்தை வாங்கிக்கொண்டு, வயதைப் பார்த்து அவரை விட்டுவிட்டார்கள். சட்டையில் பதக்கம் குத்தியிருந்த இடத்துப் பச்சைக் கறை மட்டும் மிஞ்சியது. மகனுக்கு அரசாங்க வேலை நின்றது, மாடியை வாடகைக்கு விட்டார்கள். ஊரில் சிலர் அந்த வீட்டைப் பிழைக்காரர் வீடு என்று கேலி பேசினார்கள். பலகைக்காரர் அதைக் கேட்டுவிட்டு நல்ல மரமாக ஒன்று எடுத்து இழைத்து, 'பிழைக்காரர் வீடு' என்று தம் கையாலேயே எழுதி வாசலில் மாட்டினார். அதில் எழுத்துக் குற்றம் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. காலையில் அதன் கீழே உட்கார்ந்து மாப்பிள்ளையின் பிளாஸ்டிக் பலகையைப் பார்ப்பார். அதெல்லாம் ஒரு பலகையா என்று மனைவியிடம் சொல்வார். அந்தக் கோபத்தை அவர் விடவில்லை, அதை அந்த அளவோடு வைத்துக்கொண்டார்.

துறைப் பலகையில் விலங்கை மறுபடி எழுத அரசாங்கம் சம்பளத்துக்கு ஒரு ஆளை வைத்திருக்கிறது. அவன் தினமும் அலுவலகம் திறந்ததும் வந்து எழுதிவிட்டுப் போகிறான், ஆறு விலகுகிறது. அந்த மை நிற்பதில்லை. பொழுது விடியும்போது வளைவு சுருங்கிப் புள்ளியாகிவிடுகிறது, அக்கரை வந்து பழைய இடத்தில் நிற்கிறது. எதிரியின் காலைத் தாக்குதல் என்று அரசாங்கத்தில் இதற்குப் பெயர். இரண்டு கரைப் பீரங்கிக்காரர்களும் அந்நேரம் ஒரே படியில் உட்கார்ந்து முகம் கழுவுகிறார்கள். வீட்டில் உப்பு இல்லையென்றால், அரசாங்க ஆள் தேநீர் குடித்துவிட்டு ஏணியைச் சாத்துவதற்குள் போய் வாங்கி வந்துவிடுகிறார்கள்.